துண்டுச் சீட்டும் பாவமன்னிப்பும்



இலங்கைத் தோட்டங்களில் ஒரு காலத்தில் 'துண்டு' என்றொரு சீட்டு வழங்கியது. கங்காணி ஒருவன் தன் ஆட்களோடு ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், அந்தக் கூட்டத்தின் கடன் இவ்வளவு என்றும், அதனைச் செலுத்துவோரிடம் ஆட்களை விட்டுவிடுவதாகவும் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டத்தார் பணத்தைக் கட்டி ஆட்களை ஏற்றுக்கொள்வர். தோட்டந்தான் மாறும், கடன் மாறாது. சில வேளைகளில் அது கூடியும் விடும்.

அரநாயக்கவில் வரலாற்றுப் பாடம் நடத்தும்போது மாணவர்களுக்கு இதனை விளக்குவது எளிதன்று. கப்பற் செலவு, வழிச் சோறு, ஊரில் விட்டு வந்தோர்க்குக் கொடுத்த முன்பணம் என எல்லாம் தொழிலாளியின் பெயரிலே ஏறின. அவன் கங்காணிக்குக் கடனாளி; கங்காணி பெரிய கங்காணிக்கு; பெரிய கங்காணி தோட்டத்துக்கு. கடன் என்பது மலையடிவாரத்து லயத்திலிருந்து துரை பங்களா வரை ஏறிச் செல்லும் படிக்கட்டாய் இருந்தது.

இந்த மக்களிடையேதான் 1854ஆம் ஆண்டில், கண்டியை நடுவாகக் கொண்டு, சர்ச் மிஷனரி சங்கத்தின் 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கியது. பெயர் இன்று காதுக்கு இனிதாயில்லை. பிற்காலத்தில் அது கைவிடப்பட்டதும் நன்றே. திருநெல்வேலியில் ஊழியம் செய்த செப்திமஸ் ஹாப்ஸ் என்னும் குரு அதன் முதல் பொறுப்பாளரானார். ஆயினும், வேலை முடிந்த மாலை நேரங்களில் லயங்களுக்கு நடந்து சென்றவர்கள் திருநெல்வேலியிலிருந்து வந்த தமிழ் உபதேசிமார்களே. கேட்பவரின் ஊர்ப் பேச்சு அவர்களுக்குத் தெரியும். கடல் கடந்து வந்தவனின் ஏக்கமும் தெரியும். அதனால்தான் அவர்களது சொல் வீட்டு வாசலுக்குள் நுழைந்தது.

அவர்கள் கொண்டு வந்த செய்தியின் நடுவில் நின்றது பாவமன்னிப்பு. அதற்குரிய கிரேக்கச் சொல்லுக்கு 'விட்டுவிடுதல்', 'அவிழ்த்து அனுப்புதல்' என்பன பொருள். பழைய கத்தோலிக்கத் தமிழ் இதனைப் 'பாவப்பொறுத்தல்' என்றது. பொறையுடைமைக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் மரபில் வந்த செவிக்கு அது அந்நியமன்று. ஆனால் இயேசு பேசிய அரமேய மொழியில் பாவத்துக்கும் கடனுக்கும் ஒரே சொல் வழங்கியது. ஆகவே அவர் கற்பித்த செபத்தில், லூக்கா 'பாவம்' என்று எழுதும் இடத்தில் மத்தேயு 'கடன்' என்றே எழுதுகிறார். தமிழ் வேதாகமமும் மத்தேயுவில் கடன் என்றே பெயர்த்தது. துண்டில் எழுதப்பட்ட சொல்லும் செபத்தில் ஒலித்த சொல்லும் ஒன்றே! லயத்துத் தொழிலாளிக்கு இச்சொல்லை விளக்க எந்த உரையாசிரியரும் வேண்டியிருந்திராது.

மத்தேயு சுவிசேஷத்தின் பதினெட்டாம் அதிகாரத்து உவமை இன்னும் நெருங்கி வருகிறது. அரசனிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியன் ஒருவன் முற்றாக விடுவிக்கப்படுகிறான். வெளியே வந்ததும், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய உடன் ஊழியனின் கழுத்தைப் பிடிக்கிறான். ஒரு வெள்ளிப்பணம் அந்நாளைய ஒரு நாட்கூலி. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 நாட்கூலி. எனவே முதலாவது கடன் 6 கோடி நாட்கூலி. எத்தனை பிறவி எடுத்தாலும் தீராதது. இரண்டாவது 100 நாட்கூலி. அதுவும் அற்பமன்று, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட வியர்வை. உவமை அதனைச் சிறிது என்று சொல்லி ஏளனம் செய்யவில்லை. மேலிருந்து பெற்ற விடுதலையைக் கீழே கொடுக்க மறுத்ததையே குற்றமாகக் காட்டுகிறது. நடுவில் நிற்கும் அந்த ஊழியனைக் கங்காணி என்று எண்ணிப் படித்துப் பாருங்கள்.

இங்கு ஒரு சங்கடத்தை மறைத்துப் பேசுதல் வரலாற்று மாணவனுக்கு அழகாகாது. மிஷனின் செலவில் பெரும்பகுதியைத் தோட்டத் துரைமார்களே நன்கொடையாக அளித்தனர். கடன் ஏட்டை வைத்திருந்த கையே உபதேசியாரின் சம்பளத்துக்கும் உதவியது. அவர்களில் உண்மையான பக்தி உடையோரும் இருந்தனர். அடங்கி நடக்கும் தொழிலாளியை விரும்பியோரும் இருந்திருப்பர். ஆன்மாவின் கடன் மன்னிக்கப்பட்டது என்று ஞாயிறன்று கேட்டவன், திங்கட்கிழமை விடியலில் பெரட்டுக் களத்துக்குக் கடனாளியாகவே போனான். துண்டு முறையை ஒழித்தது பிரசங்கமன்று. 1921ஆம் ஆண்டின் சட்டமே.

ஆயினும், அந்தச் செய்தியைப் பயனற்றது என்று தள்ளவும் என் மனம் ஒப்பவில்லை. துரையும் கங்காணியும் தொழிலாளியும் ஒரே செபத்தைச் சொன்னபோது, மூவரும் தம்மைக் கடனாளி என்றே அறிக்கையிட்டனர். தோட்டத்து ஏட்டில் துரையின் பெயர் கடன்பட்டோர் பக்கத்தில் ஒருநாளும் எழுதப்பட்டதில்லை. செபத்தில் மட்டும் அது தொழிலாளியின் பெயரோடு சேர்ந்து நின்றது.