ஏர்வாடிச் சங்கிலியும் அதன் பின் வந்த சட்டங்களும்

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலம் பாதிக்கப்பட்டோர் தங்கியிருந்த ஓலைக் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. 28 பேர் மாண்டனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் அவர்களால் தப்பியோட இயலவில்லை.

அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பகைவர்கள் அல்லர், சொந்தக் குடும்பத்தாரே. தர்காவில் துஆ செய்தால் நோய் தீரும் என்று நம்பிப் பல மதத்தவரும் ஏர்வாடிக்கு வந்தனர். அருகில் தனியார் நடத்திய காப்பகங்கள் பெருகின. வீட்டில் வைத்துப் பார்க்க முடியாதவர்களை மாதப் பணம் கட்டி அங்கே விட்டுச் சென்றனர்.

அன்று சட்டம் இல்லாமல் இல்லை. ஆங்கிலேயர் இயற்றிய 1912ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக, 1987இல் மனநலச் சட்டம் இயற்றப்பட்டு 1993இல் நடைமுறைக்கு வந்திருந்தது. மனநோயாளிகளை வைத்துப் பராமரிக்க உரிமம் வேண்டும் என்றும், அவர்களைக் கொடுமைப்படுத்தலாகாது என்றும் அது கூறியது. ஆயினும் 'உனக்கு என்ன வேண்டும்?' என்று நோயாளியைக் கேட்க வேண்டிய கடமையை அது எவர்மீதும் சுமத்தவில்லை.

தீ விபத்துக்குப் பின் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. காப்பகங்கள் மூடப்பட்டன, அங்கிருந்தோர் அரசின் பராமரிப்புக்கு மாற்றப்பட்டனர். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. அதைத் தொடர்ந்தே மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 ஆகிய இரண்டும் பிறந்தன.

எவ்வடிவிலும் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. உடல்நோயாளிக்குரிய சம மதிப்பை மனநோயாளிக்கும் அளிக்கிறது. தம் சிகிச்சையைப் பற்றித் தாமே முடிவெடுக்கும் ஆற்றல் அவருக்கும் இருக்கக்கூடும் என்பதை அது ஏற்கிறது. சொல்லால் இயலாவிடில் சைகையால் தெரிவித்தாலும் அது முடிவே. அவருடைய முடிவு பிறருக்குத் தவறாகத் தோன்றுவதாலேயே அவருக்கு அறிவாற்றல் இல்லை என்று கொள்ளலாகாது. நலமாக இருக்கும்போதே, பின்னர் தமக்கு எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என எழுதி வைக்கவும் வழியுண்டு. சொத்தைப் பெறவும் ஆளவும் மாற்றுத்திறனாளிக்குள்ள சம உரிமையை 2016ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்கிறது.

இக்கருத்து நமக்குப் புதியதன்று. ஃபிக்ஹு அறிஞர்கள் 'அஹ்லிய்யா' எனும் தகுதியை இரண்டாகப் பிரித்தனர்: உரிமைகளைப் பெறும் தகுதி, அவற்றைத் தாமே செயற்படுத்தும் தகுதி. சித்தம் பிறழ்ந்தவருக்கு இரண்டாவது தகுதி நின்றுபோகலாம், முதலாவது நீங்குவதில்லை. வாரிசுச் சொத்தில் அவருடைய பங்கு அவருடையதே. பொறுப்பாளர் அதனைக் காப்பவரேயன்றி உரியவர் அல்லர்.

இன்று ஏர்வாடி தர்காவில் துஆவுடன் மனநல மருத்துவமும் கிடைக்கிறது. நம் இல்லங்களிலோ, பாகப்பிரிவினையின்போது நோயுற்ற சகோதரரின் பெருவிரலைப் பிடித்துப் பத்திரத்தில் அழுத்துவதும், அவரிடம் ஒரு சொல்லும் கேட்காமல் நிக்காஹ் பேசி முடிப்பதும் இன்னும் நிகழ்கின்றன. இரும்புச் சங்கிலியைச் சட்டம் அகற்றலாம். அவரருகே அமர்ந்து, அவருக்கு விளங்கும் சொற்களில் எடுத்துரைத்து, அவர் பதிலுக்குப் பொறுமையோடு காத்திருப்பது நம் கடமை.