கர்ணனுக்குப் பின்னும் கொடை

"கார்த்திகைக்குப் பின் மழையில்லை, கர்ணனுக்குப் பின் கொடையில்லை" என்பது புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களின் களத்துமேட்டிலும் டீக்கடையிலும் இன்றும் நடமாடுகிற வாக்கு. சம்பாப் பயிர் கதிர் வாங்கும் வரையில் வானத்தை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்த குடியானவன், தலைமுறைகளின் அனுபவத்தைத் திரட்டி அடக்கி வைத்த அந்த வாக்கைப் பொய் என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை. ஆயினும் இந்த மண்ணின் சரித்திரத்தைப் புரட்டுகையில், மார்கழி பிறந்து இரண்டு மூன்று வாரங்கள் கழிந்த பின்னும், கொடுத்தது போதாதென்று மறுபடியும் கையை விரித்த கர்ணன் ஒருவன் தென்படுகிறான். அவன் வானத்தில் இல்லை; கிழக்கே கடலாய்க் கிடக்கிறான்.

வருஷத்தை ஆறு ருதுக்களாகப் பகுத்த நம் முன்னோர் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றும், மார்கழியையும் தையையும் முன்பனி என்றும் பெயரிட்டனர். நக்கீரர் பாடிய நூலொன்று 'நெடுநல்வாடை' என்று காற்றின் பெயரையே தன் பெயராகத் தாங்கி நிற்கிறது. வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். கொண்டல் என்ற சொல்லுக்கு மேகம் என்றும் பொருள் உண்டென்பதை அகராதி பார்க்காமலே கடற்கரை மனிதர் அறிவர். வெறும் வாடை உடம்பை நடுக்கும், அவ்வளவே. கொண்டல் அதனோடு கூடினால்தான் ஏரி நிறையும்.

அந்தக் கூட்டுறவு எப்படி நிகழ்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்கலாம். சித்திரை வெயிலில் மணப்பட்டுக் கடற்கரை மணலில் வெறுங்காலோடு பத்தடி நடக்க இயலாது. ஓடிப்போய் அலையில் கால் வைத்தால் குளிர்கிறது. மண்ணைச் சூடேற்றுவதைக் காட்டிலும் அதே எடையுள்ள தண்ணீரைச் சூடேற்ற நாலைந்து மடங்கு உஷ்ணம் வேண்டியிருப்பதோடு, பகலில் மண் வாங்கிய சூடு சில அங்குல ஆழத்திலேயே நின்றுவிட, கடல் வாங்கிய சூட்டை அலையும் காற்றும் கலக்கிப் பல பாகம் ஆழத்துக்கு இறக்கிச் சேமித்து வைத்துவிடுகின்றன. ஆகையால் சூரியன் தெற்கே சாய்ந்த ஐப்பசியில், கங்கைச் சமவெளியும் அதற்கப்பாலுள்ள ஆசியப் பெருநிலமும் விரைவில் குளிர்ந்துபோக, வங்கக் கடல் மட்டும் 28 பாகைச் சூட்டோடு, கோடையில் வாங்கிய கடனைத் தீர்க்க மனமில்லாதவன்போல் கிடக்கிறது. குளிர்ந்து கனத்த காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கிப் புறப்படுகிறது. புறப்படும்போது வறண்ட காற்றுதான். வங்கக் கடலின் மேல் நூற்றுக்கணக்கான கல் வழிநடந்து நம் கரையை அடையும்போது, தாகம் தீரக் குடித்த நீராவியோடு வந்து சேர்கிறது.

நீர் ஆவியாவது சும்மா நடப்பதன்று. கடற்பரப்பில் ஒரு கிராம் நீர் ஆவியாகப் போகும்போது ஏறத்தாழ 580 கலோரி உஷ்ணத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு போகிறது. மண்பானையில் கசியும் நீர் உள்ளே இருக்கும் தண்ணீரைக் குளிரவைப்பது இதனால்தான். இட்டிலிப் பானையின் மூடியைத் திறக்கும்போது கையில் படும் ஆவி கொதிநீரைவிடக் கொடுமையாகச் சுடுவதும் இதனால்தான், ஏனெனில் தோலில் பட்டு நீராகும்போது மூட்டையை அங்கேயே அவிழ்த்துவிடுகிறது. மேகமாகும் நீராவியும் அதையே செய்கிறது. அவிழ்ந்த சூட்டால் காற்று இலேசாகி மேலே எழும்ப, காலியான இடத்தை நோக்கிக் கடல்மட்டத்துக் காற்று சுழன்று ஓட, சமுத்திரத்தின் மேற்பரப்பு 26 பாகைக்கு மேல் சூடாகவும் மேல்வானக் காற்று சாந்தமாகவும் இருந்துவிட்டால் அது புயலாக வடிவெடுக்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கொண்டுவந்து கொட்டும் நன்னீர், உப்புநீரைவிட இலேசானதாகையால், வங்கக் கடலின் மேல் மூடிபோல் மிதக்கிறது. அடிநீர் எளிதில் மேலே வந்து பரப்பைக் குளிர்விக்க முடிவதில்லை. நம் கடலின் பிடிவாதத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லவேண்டும். இந்தக் கொம்யூன்களை ஆண்ட பிரெஞ்சுக்காரர் ஒரு காலத்தில் வட அமெரிக்காவில் கியூபெக்கையும் ஆண்டனர். அந்நகரம் பாரீசைவிடச் சற்றுத் தெற்கே இருந்தும், அங்கே ஆறு உறைந்து பாறையாகும் மாதத்தில் பாரீசில் மழைதான் தூறும். மேற்கிலிருந்து வீசும் காற்று அட்லாண்டிக் சமுத்திரத்தின் சூட்டை ஐரோப்பாவுக்குச் சுமந்து வருவதால். அங்கே குளிரைத் தணிக்கும் அதே கடற்சூடு, இங்கே வங்கக் கரையில் அவர்களுடைய கப்பல்களை உடைத்தது.

1746 செப்டம்பர் 21 அன்று சென்னைக் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லா பூர்தொனே, மீட்புப் பணம் பெற்றுக்கொண்டு அதை ஆங்கிலேயரிடமே திருப்பிக் கொடுக்க இசைந்தார். கூடவே கூடாதென்று புதுச்சேரியிலிருந்து கவர்னர் துய்ப்ளேக்ஸ் மல்லுக்கு நின்றார். இருவருக்கும் வழக்குத் தீராமல் நாட்கள் கழிய, ஐப்பசி பிறக்கும் வேளையில், அக்டோபர் 13 இரவு, சென்னைத் துறையில் நங்கூரமிட்டிருந்த பிரெஞ்சுக் கப்பல்களின்மேல் புயல் இறங்கியது. கப்பல்கள் மூழ்கியும் பாய்மரம் முறிந்தும் போயின; ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கடற்படை இழந்த லா பூர்தொனே மொரீஷியசுக்குத் திரும்பினார். துய்ப்ளேக்ஸ் அந்த உடன்படிக்கையை ரத்து செய்தார். வழக்கைத் தீர்த்தது கடல். அந்நாட்களில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிவந்த தினசரியில் கப்பல்களின் வரவும் போக்கும் எத்தனை கவலையோடு பதிவாகியிருக்கின்றன என்பதைப் படித்தவர்க்கு, துறைமுகம் இல்லாத சோழமண்டலக் கரையில் வாடைக்காலம் என்றால் என்ன என்பது விளங்கும். சென்னைக் கோட்டையில் அக்டோபர் 15 அன்று கொடியை இறக்கினால் டிசம்பர் 15 வரை ஏற்றாமல் இருந்ததும் அந்த அச்சத்தால்தான்.

இரண்டு மாதக் கணக்கு பழமொழிக்கு ஒத்ததே. ஆனால் கர்ணன் கணக்குப் பார்ப்பதில்லை. 1760 ஜூலையில் ஆங்கிலத் தளபதி அயர் கூட் வில்லியனூர்க் கோட்டையைக் கைப்பற்றியதும், கிராமங்களிலிருந்து புதுச்சேரிக்கு நெல்லும் ஆடுமாடும் வரும் வழி அடைபட்டது. ஊருக்குள் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை பசியால் வாட, வெளியே கூட்டின் பீரங்கி மேடுகளும் கடலில் அட்மிரல் ஸ்டீவன்ஸின் கப்பல்களும் முற்றுகையிட்டிருந்தன. விக்கிரம வருஷம் மார்கழி மூன்றாம் வாரம், ஆங்கிலக் கணக்கில் 1761 ஜனவரி 1 இரவு, புயல் வந்தது. மூன்று கப்பல்கள் ஆட்களோடு மூழ்கின. வேறு மூன்று கரைதட்டி உடைந்தன. முற்றுகைக்காரரின் கூடாரங்கள் பறந்து, வெடிமருந்து நனைந்து, மேடுகள் கரைந்தன. மறுநாள் காலை ஐந்நூறு திடகாத்திரமான வீரர் கோட்டையிலிருந்து வெளிப்பட்டிருந்தால் சரித்திரம் வேறாயிருக்கும் என்பது என் எண்ணம். வெளிப்படத் திராணி எவரிடமும் இல்லை. ஒரு வாரத்துக்குள் கப்பல்கள் மறுபடி கூடின. ஆனந்தரங்கப் பிள்ளை கண்மூடிய அதே ஜனவரியில், 16ஆம் தேதி, புதுச்சேரி சரணடைந்தது.

அரசுகளின் கதை இப்படியிருக்க, உழவனின் கதை ஏரிக்கரையில் நடந்தது. வருஷத்து மழையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும் தேசத்தில், அதைப் பிடித்து வைக்க ஏரி இல்லையேல் சோறு இல்லை. சங்கராபரணி நீர் வரும் ஊசுட்டேரியும், தென்பெண்ணை நீரைப் பங்காரு வாய்க்கால் கொண்டுவந்து சேர்க்கும் பாகூர் ஏரியும் அந்த ஞானத்தின் சாட்சிகள். பங்காரு, சிங்காரி என்ற தாசிப் பெண்கள் இருவர் தம் பொருளைச் செலவிட்டு வெட்டுவித்த வாய்க்கால் அது என்பது ஊர் ஐதீகம். நிருபதுங்கவர்மன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், பாகூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்களைத் தானமாகக் கொடுத்த செப்பேடு கிடைத்திருக்கிறது. மூன்று கிராமத்து வரும்படி கொண்டு ஒரு கல்விச்சாலை நடந்ததென்றால் அந்த வயல்களில் நீர் நின்றிருக்க வேண்டும். கார்த்திகைக் காலையொன்றில் பாகூர் ஏரிக் கலங்கலருகே நின்றேன். செம்மண் நிறத்து நீர் கல்லின்மேல் கண்ணாடித்தகடுபோல் வளைந்து இறங்க, சிறுவர்கள் பழைய வேட்டியை விரித்துக் கெண்டை பிடித்துக்கொண்டிருந்தனர். சித்திரையில் கடல் வாங்கிய வெயில்தான் அந்தக் கல்லின்மேல் தண்ணீராய் வழிந்தது.

மார்கழியில் இதே கொடையின் எச்சம் வேறு விதமாகத் தெரியும். விடியற்காலையில் பாகூர் வயல்வரப்பில் பனி காலை நனைத்துக் குளிரும்போது, சில கல் தொலைவில் மூர்த்திக்குப்பம் கரையில் காற்று இதமாக இருக்கும். ஆவியாகி ஆவியாகியே கடலும் மெல்லக் குளிர்ந்து, தையில் மழை ஓய்கிறது. பழமொழி அந்த ஓய்வைத்தான் சொல்கிறது. ஓய்வு தவறாமல் குறித்த தேதியில் வருமென்று நாம்தான் அதன்மேல் ஏற்றிச் சொல்லிக்கொண்டோம்.

2011 டிசம்பர் 30, மார்கழி பாதியில், தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி மரங்களைச் சாய்த்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகர மனமில்லாமல் பல மணி நேரம் அங்கேயே தங்கி, பின்னாலிருந்த கடலின் ஈரத்தை ஓயாமல் இழுத்து 46 செ.மீ.க்குக் குறையாத மழையை ஒரே நாளில் கொட்டியது. அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணை திறக்கப்பட, தென்பெண்ணைக் கரையிலுள்ள பாகூர்க் கொம்யூன் கிராமங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. வயலில் நின்ற நெல் வயலிலேயே முளைத்தது.

பழமொழியை மாற்றச் சொல்லவில்லை. ஏரிக்கும் வாய்க்காலுக்கும் பொறுப்பானவர்கள் அதை நம்பி, கார்த்திகை தீபம் முடிந்த கையோடு மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட வேண்டாம் என்றுதான் கேட்கிறேன். பொங்கல் வரையில் கலங்கலருகே ஓர் ஆள் இருக்கட்டும்.