பால் விலை ஏறிடுச்சா? பாக்கெட்டில் இருக்கும் எண்ணைப் பாருங்க!

அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? ஊஞ்சல் உற்சவம் பார்க்க வரும் கூட்டத்துக்கு டீ, காபி போட்டே கடைகளில் பால் தீரும். பொழுது விடிந்ததும், சுற்றுப்பட்டு கிராமங்களில் கறந்த பால் கேன்களில் சொசைட்டிக்குக் கிளம்பும். 'விலை ஏறிக்கிட்டே போகுதே, மாடு வெச்சிருக்கிறவங்களுக்கு நல்ல லாபம்தானே?' என்று தோன்றும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மாட்டுக்கு ஆகும் செலவு

கறவை மாட்டின் உடம்பு நிற்க தினமும் ஒன்றரை முதல் 2 கிலோ அடர்தீவனம் வேண்டும். அதுபோக, ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. 10 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு ஆக மொத்தம் 6 கிலோ. புண்ணாக்கு, தவிடு, மாட்டுத்தீவனம் எல்லாம் கிலோவுக்கு 5 ரூபாய் ஏறினால், ஒரு நாள் செலவு 30 ரூபாய் கூடும். அதாவது, லிட்டருக்கு 3 ரூபாய்.

2022 நவம்பரில் ஆவின், பசும்பால் கொள்முதல் விலையை 32 ரூபாயிலிருந்து 35 ஆக்கியது. ஏறியது அதே 3 ரூபாய்தான். 2023 டிசம்பரில் அரசு அறிவித்த ஊக்கத்தொகையும் லிட்டருக்கு 3 ரூபாய். தீவனம் ஒரு தடவை ஏறினாலே இது கரைந்துவிடும்.

இந்தப் பக்கத்தில் வைக்கோலும் மல்லாட்டைக் கொடியும் சொந்த நிலத்தில் கிடைத்தால் பிழைத்தார்கள். நிலம் இல்லாதவர்கள் அதையும் காசு கொடுத்துத்தான் வாங்கணும். கோடையில் பசும்புல் குறைந்து பாலும் குறையும். மாடு வத்திப்போன இரண்டு மாதமும் தீனி போட்டுத்தான் ஆகணும்.

நீங்கள் எதற்குக் காசு கொடுக்கிறீர்கள்?

சொசைட்டியில் பாலை அளந்து ஊற்றினால் மட்டும் போதாது. கொழுப்பும், கொழுப்பு தவிர்த்த திடப்பொருளும் எவ்வளவு என்று பார்த்துத்தான் விலை. கடையில் நமக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். ஆவின் நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவிகிதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6.

2022 நவம்பரில் ஆரஞ்சு பால் கடை விலை லிட்டர் 48-லிருந்து 60 ரூபாய் ஆனது. நீலம் அப்போது 40 ரூபாய். கூடுதலாகக் கிடைப்பது சுமார் 30 கிராம் கொழுப்பு. அதற்குக் கொடுப்பது 20 ரூபாய். கிலோ கணக்கில் பார்த்தால் சுமார் 650 ரூபாய். கிட்டத்தட்ட நெய் விலை!

புரதம், கால்சியம் விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எனவே காபி, டீ, மோருக்கு நீலம் போதும். கெட்டித் தயிருக்குப் பச்சை. பாயசம், பால்கோவா செய்யும் நாளில் மட்டும் ஆரஞ்சு வாங்கலாம். சின்னக் குழந்தைக்கு எது என்பதை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்க.

வீட்டில் எதைச் செய்யலாம்?

* தயிர்: ஒரு லிட்டர் பாலுக்குக் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தயிர். லேபிள் ஒட்டிய பாக்கெட் தயிருக்கு 2022 ஜூலையில் 5 சதவிகித ஜி.எஸ்.டி வந்தது. தினமும் தயிர் வாங்கும் வீடு என்றால், உறை ஊற்றுவதே லாபம்.

* பனீர்: ஒரு லிட்டர் பாலில் 150 முதல் 200 கிராம்தான் தேறும். 2025 செப்டம்பர் 22 முதல் பாக்கெட் பனீருக்கு ஜி.எஸ்.டி கிடையாது. வாங்கும் முன் இரண்டு விலையையும் ஒப்பிட்டுப் பாருங்க.

* நெய்: 4 சதவிகிதம் கொழுப்புள்ள பசும்பால் சுமார் 25 லிட்டர் இருந்தால்தான் ஒரு கிலோ நெய். 2025 செப்டம்பரில் நெய், வெண்ணெய், சீஸ் மீதான வரி 12-லிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது. அதன் பிறகும், பால் கணக்குக்கே கட்டுப்படியாகாத விலையில் யாராவது 'சுத்தமான நெய்' விற்றால், உஷாராகிக்கோங்க.

அடுத்த தடவை விலை ஏறும்போது, எவ்வளவு ஏறியது என்பதோடு, அதில் கறப்பவர் கைக்கு எவ்வளவு போனது என்றும் கேளுங்க. தீவனச் செலவுக்கே காணாவிட்டால் அவர் மாட்டை விற்றுவிடுவார். அப்புறம் நாம் வாங்கும் பால் இன்னும் விலை கூடும்.