கடனாளி கட்டிய மீன்பிடி வீடு

பி.காம். படிக்கிறவனுக்கு மீன்பிடியில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இந்தக் கதையில் வருகிற இரண்டு பேரில் ஒருவர் லண்டன் துணிக்கடைக்காரர், இன்னொருவர் கழுத்து வரை கடன் வைத்திருந்தவர். ஆக, இதுவும் நம்ம சப்ஜெக்ட்தான் :-)

முதலில் ஃப்ளை ஃபிஷிங் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் தூண்டில் முள்ளில் மண்புழுவைக் கோத்துப் போட்டுவிட்டு, தக்கை எப்போது அமுங்கும் என்று பார்த்துக்கொண்டிருப்போம். இதில் புழு கிடையாது. முள்ளின் மேல் இறகையும் விலங்கு முடியையும் பட்டு நூலால் சுற்றி, ஓடையின் மேல் பறக்கும் பூச்சி மாதிரியே செய்வார்கள். அதை நிஜப் பூச்சி வந்து உட்காருவது போல மெதுவாகத் தண்ணீரில் விழ வைக்க வேண்டும். ட்ரௌட் மீன் ஏமாந்தால் உண்டு, இல்லாவிட்டால் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

துணிக்கடைக்காரர் ஐசக் வால்டன். 1593ல் ஸ்டாஃபோர்டில் பிறந்தவர். முதல் மனைவிக்குப் பிறந்த ஏழு குழந்தைகளில் ஒன்றுகூடத் தங்கவில்லை. 1640ல் அந்த மனைவியும் இறந்துபோனார். அடுத்து இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர். வால்டன் மன்னர் பக்கம். 1649ல் மன்னர் முதலாம் சார்லஸின் தலையையே வெட்டிவிட்டார்கள். இத்தனைக்கும் பிறகு, 1653ல், அவர் எழுதி வெளியிட்ட புத்தகம் எதைப் பற்றி தெரியுமா? ஆற்றங்கரையில் உட்கார்ந்து மீன் பிடிப்பதைப் பற்றி! பெயர் 'தி கம்ப்ளீட் ஆங்லர்', விலை ஒன்றரை ஷில்லிங்.

ஆனால் செயற்கைப் பூச்சி விஷயத்தில் வால்டன் பெரிய கில்லாடி இல்லை. தாமஸ் பார்க்கர் என்பவரின் குறிப்புகளைத்தான் அதற்கு நம்பியிருந்தார். அங்கேதான் சார்லஸ் காட்டன் வருகிறார். டெர்பிஷயர் எல்லையில் ஓடும் டவ் என்ற சின்ன ஆற்றின் கரையில் வாழ்ந்த கவிஞர். வால்டனைவிட 37 வயது இளையவர், அவரைத் தந்தை என்றே அழைத்தார். 1676ல் வந்த ஐந்தாம் பதிப்பில், தெளிந்த நீரில் ட்ரௌட் பிடிக்கும் பகுதியைக் காட்டன்தான் எழுதினார். எண்பது வயதைத் தாண்டிய ஆசிரியர், தனக்குச் சரியாகத் தெரியாததைத் தெரிந்தவனிடம் விட்டுவிட்டார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

காட்டனின் முக்கியமான பாடம் எளிமையானது. தெளிந்த ஓடையில் மீனுக்கு நம்மைத் தெரியும். அதனால் தள்ளி நில், மெல்லிய கயிற்றைப் பயன்படுத்து. அவருடைய தூண்டிலில் சுருள் கிடையாது. குதிரைவால் முடியைத் திரித்த கயிறு, கோலின் நுனியிலேயே கட்டியிருக்கும். முள்ளுக்குப் பக்கத்தில் வெறும் இரண்டு முடிதான்!

1674ல் காட்டன் டவ் ஆற்றங்கரையில் கல்லால் ஒரு சின்ன மீன்பிடி வீடு கட்டினார். வாசலுக்கு மேலே இருவர் பெயரின் முதலெழுத்துகளும் பின்னியபடி செதுக்கப்பட்டன. வால்டன் 1683ல், தொண்ணூறு வயதில் காலமானார். காட்டன் 1687ல் கடனோடேயே இறந்தார்.

நம் பாடப் புத்தகக் கணக்குப்படி, அவ்வளவு கடன் உள்ளவர் அந்த வீட்டைக் கட்டியிருக்கவே கூடாது. வருமானம் ஒரு பைசா கிடையாது. ஆனால் காட்டன் வாழ்ந்த பெரிய மாளிகை இடிந்து போய்விட்டது. நண்பரோடு மீன் பிடிக்கக் கட்டிய அந்தச் சின்ன வீடு இன்றும் ஆற்றங்கரையில் நிற்கிறது.