திருமுழுக்கின் விலையும் சட்டப் புத்தகமும்

தமிழகத்தில் கிறிஸ்துவைப் பின்பற்றத் துணிந்தவர்கள் அதற்காக எதை இழந்தார்கள் என்பதை அறிய விரும்புவோர், திருச்சபைப் பதிவேடுகளோடு சட்டப் புத்தகங்களையும் புரட்ட வேண்டியிருக்கிறது. ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் சென்னையில் நடத்திய பள்ளியில் பயின்ற இராஜகோபால், வெங்கடராமையா ஆகிய இருவரும் 1841இல் ஞானஸ்நானம் பெற்றபோது, பெற்றோர் பலரும் தம் பிள்ளைகளை உடனே நிறுத்திக்கொண்டதால், பிற்காலத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்த அந்தப் பள்ளி ஏறக்குறைய வெறிச்சோடியது. மதம் மாறியவர் வீட்டுப் பந்தியில் அமர முடியாது. சாதிவிலக்கு செய்யப்பட்டவருக்குக் குடும்பச் சொத்தில் பங்கில்லை என்பது அன்றைய இந்து சட்டம். மனைவியைப் பிறந்த வீட்டார் அழைத்துக்கொண்டு போய்விடுவதும் உண்டு.

சொத்திழப்பை 1850ஆம் ஆண்டின் சாதி இழப்பு நீக்கச் சட்டம் தடுத்தது. அதன் முன்வரைவையே சென்னை இந்துக்கள் விண்ணப்பங்கள் எழுதிக் கடுமையாக எதிர்த்திருந்தனர். 1866இல் வந்த மணமுறிவுச் சட்டம் இன்னும் நுணுக்கமானது. மதம் மாறிய கணவனை மனைவி ஆறு மாதம் பிரிந்திருந்தால், அவன் நீதிமன்றத்தை அணுகலாம். பிரிவுக்குக் காரணம் மதமாற்றம்தானா என்று நீதிபதி அவளிடம் கேட்பார். ஆமென்றால் வழக்கை ஓராண்டு தள்ளிவைத்து, மீண்டும் அதே கேள்வியைக் கேட்ட பிறகே மணத்தை முறிப்பார். பதின்மூன்று வயதுப் பெண்ணும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பதை எண்ணும்போது, இந்த விலையை மதம் மாறியவர் மட்டுமே கொடுக்கவில்லை என்பது விளங்கும்.

இவ்விரண்டு சட்டங்களும் இழப்பதற்குச் சொத்தும் சுற்றமும் உடையவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருந்திரளாகக் கிறித்தவரான ஒடுக்கப்பட்ட மக்களின் கதை வேறு; அவர்களுக்கான விலையைச் சுதந்திர இந்தியாவின் ஆணையே விதித்தது. பட்டியல் சாதியினர், அதாவது தீண்டாமைக் கொடுமைக்கு ஆளானோரெனச் சலுகைகளுக்காக அரசு பட்டியலிட்ட சாதியினர், இந்துக்களாகவே இருக்க வேண்டுமென்று 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி கூறியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த அந்தக் கதவு கிறித்தவருக்குத் திறக்கவில்லை. மதம் மாறினால் சாதி அகன்றுவிடும் என்பதே இதற்குச் சொல்லப்படும் நியாயம். ஆனால் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், சாதிக்கொரு பகுதியாக மக்களைப் பிரித்து அமரவைக்கவே ஒரு தேவாலயம் கட்டப்பட்டதென்ற வரலாறு அந்த நியாயத்தைத் தகர்த்துவிடுகிறது.

அந்த ஆணையின் பாரம் சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை என்பவரின் வழக்கில் தெளிவாகத் தெரிகிறது. தெருவோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாக வழங்கிய பங்க் கடை, ஆதி திராவிடரான அவருக்குக் கிறித்தவர் என்பதற்காக மறுக்கப்பட்டது. அதே தொழில், அதே தெரு, அதே சாதி. மதம் மாறிய பின்னும் பழைய இழிவு அதே கடுமையோடு தொடர்கிறதென்பதற்குப் போதிய சான்று வைக்கப்படவில்லை என்று கூறி 1985இல் உச்ச நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது.

இதனால் பள்ளிச் சான்றிதழில் இந்துப் பெயரும் திருச்சபைப் பதிவேட்டில் ஞானஸ்நானப் பெயருமாக இரட்டை வாழ்வு வாழும் குடும்பங்கள் உண்டு. இவர்களைப் பொய்யரென்று பழிப்பது எளிது. பிள்ளையின் கல்லூரி இடத்துக்கும் அறிக்கையிட்ட விசுவாசத்துக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஏற்பாட்டைத்தான் முதலில் பழிக்க வேண்டும். கிறித்தவ ஆதி திராவிடருக்கும் பட்டியல் சாதித் தகுதி வழங்கக் கோரி 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. மறு ஆண்டு நவம்பரில், புதுச்சேரிப் பெண் ஒருவர் அரசு வேலைக்காகத் தொடுத்த வழக்கில், ஞானஸ்நானம் பெற்றுத் தவறாமல் ஆலயம் செல்பவர் பட்டியல் சாதிச் சான்றிதழ் கோர முடியாதென்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.