மாட்டின் நுரையீரலில் தொடங்கிய ஆராய்ச்சி

தொண்ணூறுகளின் இறுதியில் இப்பாடசாலையில் உயர்தர உயிரியல் பிரிவில் இருந்த எங்களுக்கு மருத்துவபீடம் ஒன்றே கண்ணில் தெரிந்தது. பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்தபோது, மிருக வைத்தியத்துக்குத் தெரிவான தோழியைத் தேற்றுவதற்கென்றே அவள் வீட்டுக்குப் போனோம். தம்பலகாமத்துத் தயிரும் கிண்ணியாத் தயிரும் உண்டு வளர்ந்த நாங்கள்தான் அப்படி நினைத்தோம்!

பேராதனையில் அதே மிருக வைத்தியத்தைக் கற்றவர் பேராசிரியர் சாமித்தம்பி ஜெயசீலன். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அவர் எடுத்துக்கொண்ட பொருள் மாடுகளின் நியூமோனியா. லொறிகளில் நெருக்கி ஏற்றி நெடுந்தூரம் கொண்டுசெல்லப்படும் மாடுகளின் நுரையீரலுக்குள் அக்காலத்தில் பாஸ்டுரெல்லா எனப்பட்ட பற்றீரியா இறங்கி ஒரு நஞ்சைச் சுரக்கும். அது மாடு, ஆடு போன்ற அசைபோடும் விலங்குகளின் வெண்குருதிக் கலங்களையே கொல்லும். கலத்தின் மேற்பரப்பில் அந்நஞ்சு பற்றிக்கொள்ளும் வாங்கி எல்எஃப்ஏ-1 என்ற புரதம் என்பதை அவரும் எஸ். கே. மகேஸ்வரன் முதலானோரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

நிர்ப்பீடனவியலே புரண்டுகொண்டிருந்த காலம் அது. எங்கள் பாடத்தில் பிறபொருளெதிரிகளுக்குப் பல பக்கங்கள். பிறப்பிலேயே அமைந்த நிர்ப்பீடனத்துக்குச் சில வரிகள். பழ ஈயின் டோல் மரபணு பூஞ்சணத்தை எதிர்க்க உதவுவதை 1996இல் ஹொஃப்மன் குழுவும், அதையொத்த டிஎல்ஆர்-4 பற்றீரியாவின் சுவர்ப்பொருளை உணர்வதை 1998இல் பொய்ட்லர் குழுவும் காட்டின. 2011 நோபல் பரிசில் இருவருக்கும் பங்கு கிடைத்தது.

ஜெயசீலன் இக்கேள்வியை நுரையீரலுக்குள் கொண்டுசென்றார். 1899இல் காசநோயாளருக்காக டென்வரில் திறக்கப்பட்ட நஷனல் ஜூவிஷ் நிறுவனத்தில் அவர் சுண்டெலிகளில் ஆய்வு செய்தார். டிஎல்ஆர்-4இன் செய்தியைக் கலத்துக்குள் கடத்தும் டிராப் என்ற புரதம் இல்லாத சுண்டெலிகளால் கிளெப்சியெல்லாவை அடக்க முடியவில்லை. சூடோமோனாஸை எதிர்க்கவோ அப்புரதம் இன்றியமையாததாக இருக்கவில்லை. இது 2006இல் வெளியானது. வாட்டில் இரண்டையும் நியூமோனியா என்றே எழுதுகிறோம். நுரையீரல் அவற்றை ஒன்றாகப் பார்ப்பதில்லை.

பின்னர் லூசியானா அரச பல்கலைக்கழக மிருக வைத்தியக் கல்லூரியில், நடுநிலைநாடிகள் எனும் வெண்குருதிக் கலங்களை நுரையீரல் எவ்வாறு அழைக்கிறது என்று தொடர்ந்து ஆராய்ந்தார். அவை பிந்தினால் கிருமி பெருகும். அளவுமீறிக் குவிந்தால் காற்றுச் சிற்றறைகளே சிதையும். கொவிட் காலத்தில் ஒட்சிசனில் கிடந்தவர்களுக்கு டெக்சாமெதசோன் கொடுத்தபோது நாங்கள் தணிக்க முயன்றது கிருமியை அல்ல, உடலின் சொந்தச் சீற்றத்தையே.

அன்று தேற்றப்போன தோழி இன்று கால்நடை வைத்தியர். இம்மலருக்காக அந்த 2000ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தேடி எடுத்து, வரி வரியாக எங்களுக்கு விளக்கியவள் அவள்தான்.