படகு நேரமும் தீவின் தொலைவும்: நெடுந்தீவை முன்வைத்து

மதுரை நாளிதழ்களில், இலங்கையின் யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவின் பெயர் பெரும்பாலும் ஒரே வகைச் செய்தியில்தான் வருகிறது: இராமேசுவரம் மீனவர்கள் அத்தீவின் அருகே கைது. அங்கே ஒரு பிரதேச செயலகமும் ஆறு கிராம அலுவலர் பிரிவுகளும் பள்ளிகளும் உள்ளன என்பது மதுரைச் செல்லூர்த் தேநீர்க்கடையில் செய்தி படிப்பவருக்குத் தெரிய வழியில்லை. தீவுகளைப் பற்றிய எழுத்துகள் பலவும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. கடல் சூழ்ந்த சிறு நிலம், ஆகவே தனிமை, ஆகவே மாறாத வாழ்வு என்று அவை எளிதாகச் சொல்லிவிடுகின்றன. ஒரு தீவு எவ்வளவு தொலைவு என்பதைக் கடலின் அகலத்தைவிடப் படகின் நேரமும், அதை நடத்துவோரின் முடிவுமே தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

கிலோமீட்டர் கணக்கு எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இரு தீவுகள் போதும். ஸ்காட்லாந்துக்கு மேற்கேயுள்ள செயின்ட் கில்டா, அண்டைத் தீவுகளிலிருந்து சுமார் 64 கி.மீ. தள்ளியிருக்கிறது. 1930 ஆகஸ்டில் அங்கு எஞ்சியிருந்த 36 பேரும் தாங்களே அரசிடம் வேண்டி வெளியேறினர். தென் அட்லாண்டிக்கின் டிரிஸ்டன் டா குன்யாவோ, மக்கள் வாழும் அடுத்த தீவான செயின்ட் ஹெலினாவிலிருந்து ஏறத்தாழ 2,400 கி.மீ. தொலைவில் உள்ளது. 1961-இல் எரிமலை வெடித்து இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்ட அதன் மக்களில் பெரும்பாலோர் 1963-இல் ஊர் திரும்பிவிட்டனர். சிங்கி இறால் வாணிகம் டிரிஸ்டனுக்குக் கப்பலை வரவழைத்தது. செயின்ட் கில்டாவுக்குக் குளிர்காலத்தில் முறையான கப்பல் போக்குவரத்தே இல்லை.

நெடுந்தீவின் அன்றாடத்தை இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து பேருந்தில் புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறை; அங்கிருந்து குமுதினி, வடதாரகை போன்ற படகுகளில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆசிரியர்களிலும் அலுவலர்களிலும் பலர் காலைப் படகில் வந்து பிற்பகலில் திரும்புபவர்கள். ஆகவே தீவின் அலுவலக நாள் எவ்வளவு நீளம் என்பதைப் படகே முடிவு செய்கிறது. ஒரு கையெழுத்து தவறினால் மறுநாள்தான். அரிசி, சிமெந்து, எரிவாயு உருளை எல்லாம் அதே வழியாக வருகின்றன. மீன் அதே வழியாகப் போகிறது. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று பலத்தால் இரண்டும் நின்றுபோகும். இரவில் நோய் முற்றினால் மருத்துவ வினாவுக்கு முன்பே படகு வினா எழுந்துவிடுகிறது. 1985 மே 15 அன்று குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினியில் குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். குற்றச்சாட்டு இலங்கைக் கடற்படையினர் மீது எழுந்தது. அன்றைக்குப் பிறகு அந்த ஒரு மணி நேரக் கடலை யாரும் பழைய கணக்கில் அளந்திருக்க முடியாது.

இயற்கையின் பங்கு ஒன்றுமே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, அது தண்ணீர். முருகைக்கல் படிந்த தட்டை நிலம், ஆறு கிடையாது. மழைநீர் நிலத்தடி உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. அளவு மீறி இறைத்தால் கிணறு உவர்த்துவிடும். வாடைக்கால மழை பொய்த்த ஆண்டுகளில் மாடுகளும் குதிரைகளும் தாகத்தால் செத்திருக்கின்றன. ஆனால் அந்தக் குதிரைகளே நம் வாதத்துக்கும் சாட்சி. ஐரோப்பியர் ஆட்சிக்காலத்தில் இத்தீவில் குதிரை வளர்த்தனர். இன்று திரிபவை அவற்றின் வழிவந்தவை. இதே வறண்ட நிலம் அப்போது ஒரு பேரரசின் தேவைக்கு எட்டாத இடமாகத் தோன்றவில்லை.

கடக்கும் வழியே தொலைவைத் தீர்மானிக்கும் என்பது செல்லூர்க்காரருக்குப் புரியாத செய்தியன்று. வைகையின் வடகரையில் உள்ள இவ்வூருக்கும் நகரின் நடுவுக்கும் இடைவெளி அதிகமில்லை. ஆயினும் 1889-இல் ஆல்பர்ட் விக்டர் பாலம் எழும்வரை, வெள்ள நாளில் அந்தச் சிறு இடைவெளி எவ்வளவு நீண்டிருக்கும் என்று எண்ணிப்பார்க்கலாம்.

பசிபிக் தீவுகளைத் தொலைதூரக் கடலில் சிதறிய துண்டுகளாகப் பார்க்காமல், தீவுகள் நிறைந்த ஒரே கடலாகப் பார்க்கவேண்டும் என்று 1993-இல் எழுதினார் மானுடவியலாளர் எபெலி ஹவ்ஓஃபா. பாக் நீரிணைக்கும் ஒருகாலத்தில் அது பொருந்தியது. 1974 ஒப்பந்தம் கச்சத்தீவை இலங்கைக்கு உரியதாக்கி நீரிணையில் எல்லையை வகுத்தபின், கச்சத்தீவின் அந்தோணியார் திருவிழாவில் மட்டுமே இருகரையாரும் அனுமதியுடன் ஓரிடத்தில் கூடுகின்றனர். மற்ற நாட்களில் நெடுந்தீவு மீனவருக்கு எதிர்க்கரை என்பது வலையை அறுத்துச் செல்லும் இழுவைமடிப் படகு. இழுவைமடி மீன்பிடிப்பை இலங்கை 2017-இல் சட்டத்தால் தடைசெய்தும் பூசல் ஓயவில்லை. கைதுச் செய்தியில் நம் பத்திரிகைகள் விட்டுவிடும் பாதி இது.

நெடுந்தீவின் மின்சாரம்கூட டீசலாகப் படகில்தான் வந்திருக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த மின்திட்டம் அமைக்க, இந்திய நிதியுதவியுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. விளக்கு எரிவதைவிட அதில் எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த மின்சாரத்தால் உறையவைக்கக்கூடிய பனிக்கட்டி. தீவிலேயே போதிய பனிக்கட்டி கிடைத்தால் பிடித்த மீன் இன்றைய படகுக்கே ஏறியாக வேண்டியதில்லை. வியாபாரி சொன்ன விலைக்கு மறுத்துவிட்டு மீனவர் நாளைய படகுவரை காத்திருக்கலாம்.